நான்காம் மாடிக் கிழக்கு மூலைக்கு ஒரு திங்கட்கிழமை

பெங்களூர்
30.6.2007, சனிக்கிழமை

கேபிள் மற்றும் வயர்லெஸ் திட்டப் பிரிவின் மூத்த மேற்பார்வையாளர், மர்பி டவுன் திரு. முனியப்பன் அவர்கள் பணி நிறைவு காணும் நாளில், அவருடன் உழைத்தோர் அன்பு மேலிட்டு வாசித்தளிக்கும் மடல்

அளக்காமல் அடியெடுத்து வைக்காத அண்ணலே! எழுதி வைக்காமல் எந்தக் கம்பியையும் இழுக்காத ஏந்தலே! கூரைக்கு மேல் குனிந்து குனிந்து முதுகு வளைந்தும், கொண்ட கொள்கைக்கு ஒருநாளும் வளையாத குணக்குன்றே! ஏணியின் உச்சிப்படியில் நின்ற போதும் கீழே ஏணி பிடித்தவனின் பெயரைச் சொல்லி நன்றி கூற மறவாத நல்லவரே! வணக்கம்!

முதற்கண் ஒரு மன்னிப்பு. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். 1999ஆம் ஆண்டு விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்து "நம்ம முனியப்பன் இருக்காரே" என்று தொடங்கியதுமே, டியூப்லைட் கண் சிமிட்டுகிறது என்று சொல்லி எழுந்தவர், விருந்து முடியும் வரை திரும்பவில்லை. ஆகவே இன்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இனி வரும் பத்திகளில் 'நீங்கள்' என்ற சொல்லே வராது. முனியப்பன் என்றொருவர் உண்டு என்று யாரோ ஒருவரின் கதையைச் சொல்வது போலச் சொல்லப் போகிறோம். தாங்களும் யாரோ ஒருவரின் கதையைக் கேட்பது போல அமர்ந்து கேட்க வேண்டுகிறோம். நம் பிரிவின் ஆம்ப்ரோஸ் அண்ணன் வாசற்கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது காற்றுக்காக அல்ல.

முனியப்பன் என்றொருவர் உண்டு. அவர் இந்த நிறுவனத்தில் சேர்ந்தது 1991 ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை. அன்றைக்கு நிறுவனம் என்பது அல்சூரில் ஒரு மாடிப்படியின் கீழே இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, ஓர் ஏணி. டெலிபோன் ஒயர்மேனாக இருந்த அவர் வந்த போது, கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கலாம் என்பதே ஊருக்குப் புதுச் செய்தி. கறுத்த தடித்த கம்பி ஒன்று மேசை மேசையாகப் போகும். நடுவில் ஒரு முனை கழன்றால் அலுவலகம் முழுவதும் ஊமையாகிவிடும். பிறகு நீலக் கம்பிகள் வந்தன, கண்ணாடி இழை வந்தது, கடைசியில் கம்பியே இல்லாத வயர்லெஸ்ஸும் வந்தது. ஒவ்வொன்று வந்த போதும் வயது ஏறிக்கொண்டிருந்த அந்த மனிதர் சலித்துக்கொள்ளவில்லை. புதியதை வீட்டுக்கு எடுத்துப் போய், பிரித்துப் பார்த்து, மறுநாள் காலை அதன் குறையையும் நிறையையும் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். பதினைந்து ஆண்டு, பத்து மாதம், பன்னிரண்டு நாள். அறுபத்து மூன்று கட்டடங்கள்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. கட்டடத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து நாங்கள் ஸ்கேல் வைப்போம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடப்பார். கம்பி தொண்ணூறு மீட்டருக்கு மேல் போனால் செய்தி தேய்ந்துவிடும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். வரைபடத்தில் அறுபத்தைந்து மீட்டர்தானே என்று யாராவது சொன்னால் போதும்.

"படத்துல அறுவத்தஞ்சு. ஒயரு இன்னா அந்தரத்துலயா போவுது? எறும்பு மாதிரி செவுத்துல ஏறணும், பீம சுத்தணும், அப்பறம் எறங்கி மேஜைக்கு வரணும். எறும்பாட்டம் நடந்து பாத்து அப்பறம் சொல்லு."

ஒவ்வொரு முனையிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு சுருள் கம்பியைக் கூடுதலாக விட்டுவைப்பது அவர் வழக்கம். நாளைக்கு மேசை நகர்ந்தால், சுவர் மாறினால், கம்பி எட்ட வேண்டும் அல்லவா? இதை வைத்து ஆம்ப்ரோஸ் அண்ணன் செய்யாத கேலி இல்லை.

"இன்னாண்ணே, எல்லா பாய்ன்ட்லயும் சேலைக்கு முந்தானை மாதிரி தொங்க வுட்டுட்டு வர்ற?"

"முந்தானை இல்லாத சேலைய எவடா கட்டுவா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சு நீளாது. சுருள் மட்டும் நீளும்.

இத்தனை கணக்காய் இருந்த மனிதருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. அதை அவர் யாரிடமும் ஏக்கம் என்று சொன்னதில்லை. நாங்களாகப் பெயர் வைக்கிறோம். எங்கள் தொழிலில் ஒரு கட்டடத்துக்குள் நாங்கள் நுழைவது, அதில் யாரும் இல்லாத போது. சிமெண்ட் வாசனையும் மரத்தூளும் மட்டுமே இருக்கும். வேலை முடிந்து ஒப்படைத்த அன்று மாலை ஆறு மணியோடு எங்கள் நுழைவு அட்டைகள் செத்துவிடும். மறுநாள் அதே வாசலில் நாங்கள் அந்நியர்கள். எந்த இருக்கைக்கு என்ன எண் என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அதில் யார் உட்கார்ந்தார் என்பது மட்டும் ஒருபோதும் தெரிந்ததில்லை. வேலை முடிந்து டெம்போவில் ஏணியைக் கட்டும் போது திடீரென்று கேட்பார்:

"அந்த ரெண்டாம் மாடி நாப்பத்தேழுல யாரு ஒக்காரப் போறாங்கடா ஆம்ப்ரோஸு? ஜன்னலாண்ட இருக்குதே, அது."

"யாரு ஒக்காந்தா நமக்கு இன்னாண்ணே? கூப்ட்டு காபியா குடுக்கப் போறாங்க?"

"இல்லடா. கல்யாணத்துக்குப் பந்தல் போடறவன் பொழப்புடா நம்மளுது. மோளச் சத்தம் கேக்கறதுக்கு முன்னால மூங்கில தூக்கினு கெளம்பிடணும்."

ஒரே ஒருமுறை அவர் முயன்று பார்த்ததை ஆம்ப்ரோஸ் அண்ணன் சொல்லித்தான் நாங்கள் அறிவோம். 1996இல், ரெசிடென்சி ரோட்டில் தாம் ஒயர் போட்ட ஓர் அலுவலகத்தின் வாசலில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, காலை பதினொரு மணிக்குப் போய் நின்றார். காவலாளி கன்னடத்தில் கேட்டார்: "யாரன்ன நோட்பேகு?" யாரைப் பார்க்க வேண்டும்? அந்தக் கட்டடத்தில் எண்ணூறு எண்களை அறிந்தவருக்கு ஒரு பெயர் தெரியவில்லை.

"யாரையும் இல்லப்பா. சும்மா ஒரு தபா பாக்கணும்."

"சும்மா பாக்கறதுக்கு இது லால்பாக் பூங்காவா சாமி?" என்று காவலாளி தமிழுக்கு மாறிச் சிரித்தாராம். இவரும் சிரித்தாராம். திரும்பி வந்து அன்று மதியம் சாப்பிடவில்லையாம்.

இனி, வைட்ஃபீல்ட்.

2003 செப்டம்பரில் அங்கே ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. மேசைகளுக்குக் கம்பி, அரங்குகளுக்கும் நடைவழிகளுக்கும் வயர்லெஸ். அது வரை அவ்வளவு பெரிய இடத்துக்கு வயர்லெஸ் திட்டம் நாங்கள் போட்டதில்லை. முறை எளிதுதான். அலையை அனுப்பும் பெட்டியை ஒரு கழியின் உச்சியில் கட்டி ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். லேப்டாப்பைக் கையில் ஏந்தி அடி அடியாய் நடந்து, சிக்னல் எங்கே எவ்வளவு என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். நடந்தோம், குறித்தோம். எல்லா மூலையிலும் சிக்னல் கொட்டியது. நாங்கள் மகிழ்ந்தோம். முனியப்பன் மட்டும் மகிழவில்லை.

"காலி வூட்ல எல்லாரும்தான் கணீர்னு பேசுவாங்க. ஆள் வந்தா தெரியும். மனுச ஒடம்பு முக்கால்வாசி தண்ணி. தண்ணி சிக்னல குடிச்சிரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த காரியம் எங்கள் பிரிவில் யாருக்கும் மறக்காது. வேலையிடத்துத் தண்ணீர் ஒப்பந்ததாரரிடம் கேட்டு, இருபது லிட்டர் கேன்கள் நாற்பதை நிரப்பி வாங்கி, மாடிக்கு மாடி லிஃப்டில் ஏற்றி, நாற்காலிக்கு ஒரு கேனாக வரிசையாய் உட்கார வைத்தார். நீல நிறத்தில் நாற்பது பேர், கழுத்து மட்டும் தெரிய, அசையாமல் அமர்ந்திருந்தார்கள். ஆம்ப்ரோஸ் அண்ணன் முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

"அனைவருக்கும் வணக்கம். கோரத்துக்கு ஆள் நிறைஞ்சிடுச்சு, மீட்டிங் ஆரம்பிக்கலாமா? யார்னா மூடி தொறந்து பேசுங்கப்பா."

"வாய மூடுடா. அந்த மூணாவது ஆள இப்படி நகத்து. சிக்னல் எறங்குது பாரு."

உண்மையிலேயே இறங்கியது. நாற்பது கேன்களைத் தூக்கித் தூக்கி ஆறு மாடிகளையும் அளந்து பெட்டிகளின் இடத்தை மாற்றினார். ஆனால் நான்காம் மாடிக் கிழக்கு மூலையில் பயிற்சி அரங்கு ஒன்று இருந்தது. நூற்றிருபது இருக்கைகள். கேன்களோ நாற்பது. இன்னும் எண்பது கேன்கள் மறு ஞாயிறு வருவதாக ஏற்பாடு. அதற்குள் வியாழக்கிழமையே கட்டடத்தை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். அறுபத்து மூன்று கட்டடங்களில், ஆளை உட்கார வைத்துப் பார்க்காமல் அவர் கையெழுத்திட்ட அரங்கு அது ஒன்றே. அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் கீழே இறங்கிய பின், அவர் மட்டும் ஏணியோடு நான்காம் மாடிக்குப் போய் வந்தார். எதற்கு என்று கேட்டோம். "சும்மா, முந்தானை சரியா கீதான்னு பாத்தேன்" என்றார்.

2004 ஜனவரியில் கடிதம் வந்தது. பயிற்சி அரங்கில் ஆட்கள் நிறைந்தால் கிழக்கு மூலையில் சிக்னல் அறுந்து போகிறதாம். பராமரிப்பை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், நாங்கள் வரத் தேவையில்லை என்றும் கடைசி வரியில் இருந்தது. அதை நின்றபடியே படித்தார். பிறகு தம் பிழைக் குறிப்பேட்டை எடுத்தார்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றி இங்கே கூடியுள்ள குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்கு ஒரு பக்கம். செய்த சரிகள் அதில் கிடையா. செய்த தவறு மட்டும் பென்சிலில் இருக்கும். தவறைத் திருத்திய பின் ஓரத்தில் ஒரு டிக். அறுபத்திரண்டு பக்கங்களில் டிக் உண்டு. வைட்ஃபீல்ட் பக்கத்தில், "4ஆம் மாடி கிழக்கு. ஆள் வைத்து அளக்கவில்லை. என் தவறு" என்று எழுதியிருக்கிறது. டிக் இல்லை.

ஒரு மணி நேரம் உள்ளே வந்து அளந்து பார்க்க அனுமதி வேண்டி அந்தக் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதங்கள் பதினொன்று. அவற்றின் நகல்களைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறோம். கட்டணம் வேண்டாம், ஏணியும் நாங்களே கொண்டுவருவோம் என்றுகூட எழுதினார். பதில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பழக்கம் வந்தது. விடுமுறை நாளில் வைட்ஃபீல்ட் பஸ் ஏறிப் போய், எதிர்ப்புறக் கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, நான்காம் மாடியின் கிழக்கு ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவார். திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கும். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் துணைவியார் திருமதி லட்சுமம்மா அவர்கள், தங்கள் சொற்களைச் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். ஒருநாள் செருப்பு மாட்டும் போது அவர்கள் கேட்டது இது:

"ஒயிட்ஃபீல்டு, ஒயிட்ஃபீல்டுன்னு ஓடறியே, அங்க இன்னா சின்னவீடா வெச்சினுகீறே?"

"வெச்சிருந்தா கதவாவது தொறப்பாங்களேடி" என்றாராம் முனியப்பன்.

சிரிக்க வேண்டிய பேச்சுதான். அம்மா அன்று சிரிக்கவில்லை என்று எங்களிடம் சொன்னார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் அவருக்கும் தெரிந்த கதை. இனிச் சொல்லப் போவது அவருக்குத் தெரியாதது. பத்தொன்பது நாட்களாக நாங்கள் வாயைக் கட்டி வைத்திருக்கிறோம். ஆம்ப்ரோஸ் அண்ணன் இரண்டுமுறை உளறப் பார்த்தார். இரண்டுமுறையும் வடை கொடுத்து அடைத்தோம்.

இந்த மாதம் பதினோராம் தேதி, முனியப்பன் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு அளக்கப் போயிருந்த மதியம், நம் அலுவலகத்துக்கு உமேஷ் என்பவர் வந்தார். வைட்ஃபீல்ட் கட்டடத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். பக்கத்தில் புதிதாக ஒரு பிளாக் கட்டுகிறார்கள். அதற்குத் திட்டம் போட ஆள் தேடி வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, எங்கள் வாயிலிருந்து நான்காம் மாடி என்ற சொல் விழுந்தது.

"அய்யோ, அதுவா?" என்றார் உமேஷ். "அது மூணு வருசமா ஜம்முனு ஓடுது சார். 2004 ஃபெப்ரவரியில நானே ஏணி போட்டு சீலிங் தொறந்தேன். பெட்டிய கிழக்கால நகர்த்தணும், ஒயர் பத்தாது, புதுசா இழுக்கணும்னு நெனச்சிட்டே தொறந்தா, ஒரு சுருள்! நீட்டா சுத்தி கட்டி வெச்சிருக்காங்க. அதுல ஒரு அட்டை. பென்சில்ல ஏதோ தமிழ்ல எழுதி இருக்கு. எனக்குத் தமிழ் பேச வரும், ஓதக்கே பரல்ல, படிக்க வராது. நம்ம பேன்ட்ரி காந்தாம்மாவ கூப்பிட்டு, கீழ நின்னு படிக்கச் சொன்னேன்."

பேன்ட்ரியில் தேநீர் போடும் காந்தா அவர்கள், அட்டையைக் கைநீட்டி வாங்கி உரக்கப் படித்திருக்கிறார்: "இங்கே ஆறு மீட்டர் இருக்கிறது. ஆள் வந்த பின் சிக்னல் விழுந்தால் பெட்டியைக் கிழக்கே ஐந்து மீட்டர் தள்ளவும். மு."

"அப்படியே செஞ்சேன். இருபது நிமிசம், ஆய்த்து, முடிஞ்சுது! அன்னைல இருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல. காந்தாம்மாதான் கேட்டாங்க, 'எம்மா நல்ல மனசு, யாருப்பா இந்த மு?'ன்னு. யாருக்குத் தெரியும்? தேங்க்ஸ் சொல்ல ஆள் இல்ல சார்."

கடிதங்கள் போய்ச் சேர்ந்த அறை கீழ்த்தளத்தில் இருந்தது. சுருளைப் பிரித்த கை மேல்தளத்தில் இருந்தது. ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை. நாமே திரும்பி வருவோம், நம் ஆட்களே படிப்பார்கள் என்று நம்பித் தமிழில் எழுதிய ஒரு குறிப்பு, நாம் போகாமலேயே தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. மூன்றரை ஆண்டுகளாக இங்கே ஒருவர் தம் தவறு என்று எண்ணி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மூலையில், அவரது ஆறு மீட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நூற்றிருபது பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அண்ணே! கதை முடிந்தது. இனி 'அவர்' இல்லை. நீங்கள்தான்.

எழுந்திருக்க வேண்டாம். இன்னும் நான்கே பத்திகள்.

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் டிக் போட எங்களுக்குக் கை துறுதுறுத்தது. போடவில்லை. கண்ணால் பார்க்காமல் எதையும் சரி என்று எழுதாதவர் நீங்கள். உங்கள் ஏட்டில் அதை நாங்கள் எப்படிச் செய்வோம்? சால்வையும் கைக்கடிகாரமும் முறைப்படி தருகிறோம். அவற்றோடு ஒன்று கூடுதலாக இருக்கிறது. இந்த மடலைச் சட்டமிட்ட கண்ணாடிக்குள் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே வைட்ஃபீல்ட் கட்டடத்துக்கான நுழைவு அட்டை ஒன்று இருக்கிறது. அதை எடுப்பதற்காகவே சட்டத்தின் பின்பலகைக்கு ஆணி அடிக்காமல் விட்டிருக்கிறோம். தேதி 2.7.2007, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. ஞாயிற்றுக்கிழமை இல்லை அண்ணே, திங்கட்கிழமை. பயிற்சி அரங்கில் நூற்றிருபது பேரும் அமர்ந்திருக்கும் நேரம். ஒருவரும் தண்ணீர் கேன் இல்லை. லேப்டாப்பும் பென்சிலும் கொண்டுபோங்கள். காபி கொடுக்கப் போகிறார்களா என்று ஒரு காலத்தில் ஆம்ப்ரோஸ் அண்ணன் கேட்டாரே, கொடுக்கிறார்கள். காந்தா அவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நீங்கள் அங்கே உள்ளே போகும் அதே நேரத்தில், இங்கே உங்கள் மேசையைத் தாண்டி நாங்கள் நடந்துகொண்டிருப்போம். சுவரில் சாய்த்த ஏணி அங்கேயே நிற்கும். நாங்கள் வரைபடத்தில் ஸ்கேலை வைப்போம், அறுபத்தைந்து என்போம், பின்னாலிருந்து எறும்புக் குரல் வருகிறதா என்று ஒருகணம் காத்திருப்போம். வராது. காலியான இடத்தில் எல்லோரும் கணீரென்று பேசுவார்கள் என்றீர்கள். உங்கள் நாற்காலி காலியான இந்த அறையில் எங்களுக்குக் குரல் எழும்பப் போவதில்லை. ஒப்படைத்த கட்டடத்துக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை, திங்கட்கிழமை முதல் நாங்கள் அறிந்துகொள்வோம். ஆனால் ஒன்று. இந்த அலுவலகத்தில் உங்கள் அட்டை மட்டும் ஆறு மணியோடு சாகாது. அதற்கு முதலாளி கையெழுத்திட்டுவிட்டார்.

நீங்கள் ஒவ்வொரு முனையிலும் விட்டுவைத்தீர்களே ஒரு சுருள், அதுபோல உங்கள் ஆயுளின் கூரைக்கு மேலேயும் யாரும் அளந்து குறித்த கணக்குக்கு அப்பால் நீளமாக ஒரு சுருள் இருக்கட்டும்! லட்சுமம்மா அவர்களோடு கூடி, நோயின்றி, நொடியின்றி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே இருங்கள்!

திங்கட்கிழமை வாசலில் காவலாளி கேட்பார், யாரைப் பார்க்க வேண்டும் என்று. இம்முறை நீங்கள் பதில் தேட வேண்டாம். அட்டையை நீட்டுங்கள். அந்தக் கேள்விக்கான கட்டத்தில் உமேஷ் தம் கையால் நிரப்பி அனுப்பியிருக்கிறார்: "நான்காம் மாடி. எல்லோரையும்."

என்றும் உங்கள்,
கேபிள் மற்றும் வயர்லெஸ் திட்டப் பிரிவு ஊழியர்கள் பதினேழு பேர்
(கதவருகே இருக்கும் ஆம்ப்ரோஸ் உட்பட)